இறங்கும் கூரைக்கு யார் பொறுப்பு?

விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூர்க் குன்றின் மேல் ஏறி நின்றால் கீழே ஊரின் கூரைகள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். பனையோலையும் கரும்புச் சோகையும் வேய்ந்த குடிசைகள் இன்னும் சில உண்டு. சீமை ஓட்டு வீடுகள், அந்தக் காலத்துத் தொகுப்பு வீடுகள், வெளிநாட்டுப் பணத்திலோ சென்னைச் சம்பாத்தியத்திலோ எழும்பிய மாடி வீடுகள். இவற்றுக்கு நடுவே மழைக்குக் கறுத்து, பாசி பிடித்துக் கிடப்பவை சிமெண்ட் ஷீட் கூரைகள். குன்றில் இருப்பதோ மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம். பக்கத்து மண்டகப்பட்டில் அதே அரசன், செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இப்படியும் ஒரு கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொண்டான். ஆயிரத்து நானூறு வருடமாக அந்தக் கூரைக்கு மராமத்துச் செலவு வந்ததில்லை. கீழே குடியிருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை கூரையைப் பிரித்தாக வேண்டும். ஷீட் வீட்டைப் பொறுத்தவரை, பிரிக்கிற அந்த நாள்தான் ஆபத்தான நாள்.

ஷீட் கூரையை ஏளனமாகப் பேசுகிறவர்கள் குடிசையில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓலைக் கூரையை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். வேய்கிற ஆளும் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியபிறகு, ஓலை என்றாலே பெற்றவர்களுக்கு வயிறு கலங்கியது. ஷீட் தீப்பிடிக்காது. எலியும் பாம்பும் கூரையில் குடியிருக்காது. காலையில் வண்டியில் வந்து இறங்கினால் பொழுது சாய்வதற்குள் வீடு மூடிவிடும். அரக்கோணத்தில் ராம்கோ, கோவை போத்தனூரில் எவரெஸ்ட், ஹைதராபாத்திலிருந்து வந்த சார்மினார் என்று கடைத்தெருவில் கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. ‘குடிசையிலிருந்து ஷீட்டுக்கு மாறினோம்’ என்பது ஒரு குடும்பத்தின் முன்னேற்றத்தைச் சொல்லும் வாக்கியமாகவே இந்தப் பக்கம் இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் அந்தக் கூரைக்குக் கீழே வெந்ததைக்கூட யாரும் பெரிதாகப் புகார் சொன்னதில்லை.

இந்த ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார் இருக்கிறது. மற்றதெல்லாம் சிமெண்டும் சாம்பலும். கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ், பாறையிலிருந்து எடுக்கிற இழை. சணலைப் பிரிப்பதுபோல அதைப் பிரித்துக்கொண்டே போகலாம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த பின்னும் அது இழையாகவே இருக்கும். தீயில் எரியாத, எளிதில் அழியாத அந்தக் குணத்துக்காகத்தான் அதை வாங்கினார்கள். நுரையீரலுக்குள் போனபிறகும் அது அதே குணத்தோடுதான் இருக்கிறது. உடம்பால் அதை எளிதில் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய், குரல்வளையிலும் சினைப்பையிலும் வரும் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இது காரணம் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியாகிவிட்டது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த ரகமானாலும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வேலையிடத்தில் இதைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

அதற்காக ஷீட் வீட்டில் இருப்பவர்கள் இன்றிரவே வெளியே ஓட வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பயமுறுத்தும் எழுத்தால் கெடுதல்தான் அதிகம். விரிசல் இல்லாமல், உடையாமல் மேலே கிடக்கிற ஷீட்டில் இழையைச் சிமெண்ட் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது, காய்ந்த பாசியைக் கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டும்போதுதான் பிடி விடுகிறது. கூரை போடுகிற நாளில் கொஞ்சம். கூரையை இறக்குகிற நாளில் நிறைய, ஏனென்றால் அதற்குள் முப்பது வருட வெயிலும் மழையும் மேல் பூச்சுச் சிமெண்டைத் தின்று இழையை வெளியே கொண்டுவந்திருக்கும்.

இறக்குகிற நாள் எப்படி இருக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சட்டத்தோடு ஷீட்டை இறுக்கிய ஜே போல்ட் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அதைத் திருகிக்கொண்டிருக்க மேஸ்திரிக்குப் பொழுதில்லை. போல்ட்டைச் சுற்றிச் சுத்தியலால் நாலு தட்டு. ஷீட் உடைந்து போல்ட் மட்டும் நிற்கும். முழுசாக வருகிற ஷீட்டைக் கீழே ஒருவர் வாங்குவார். உடைந்ததை மேலிருந்தே வீசுவார்கள். பெரிய ஷீட்டைச் சாய்ப்புக்கு ஏற்றபடி குறுக்க வேண்டுமென்றால் கட்டிங் மெஷின் வரும். அரை நிமிஷத்தில் வெள்ளைப் புகையாகத் தூசி கிளம்பி, அறுக்கிறவரின் புருவத்தில் படியும். முகத்தில் ஒரு துண்டு. சித்தாள் வேலைக்கு வந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, விளக்குமாறு வைத்துத் தூசியையும் துண்டுகளையும் கூட்டிக் கூடையில் அள்ளுவார். சாயங்காலம் அதே புடவையோடு வீட்டுக்குப் போய் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். கல்நார் ஆலைத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்தது உலகில் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இதை யார் சொல்வது?

இந்த வேலையில் உடனே ஆளைக் கொல்வது தூசி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய ஷீட் ஆள் எடை தாங்காது. நடுவில் கால் வைத்தவர் அப்படியே உள்ளே விழுந்து இறந்த செய்தி தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நிற்கவும், கீழே சாரம் கட்டி வேலை செய்யவும் ஆகிற செலவு அரை நாள் கூலி.

இறக்கிய ஷீட் எங்கே போகிறது? இதைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். கிராமத்தில் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. நெல் மில்லில் இருந்து இறக்கிய நல்ல ஷீட்டை ஒருவர் வீட்டுக் கூரைக்கு வாங்குவார். அவர் தளம் போட்டபோது இறக்கியது மாட்டுக் கொட்டகைக்கோ மோட்டார் கொட்டகைக்கோ போகும். அங்கே உடைந்தது கழிவறைக்கு மறைப்பாகும், கோழிக்கூண்டுக்கு மூடியாகும், வேலிக்கு முட்டுக்கொடுக்கும். அதற்கும் உதவாத துண்டுகள் அஸ்திவாரக் குழிக்கும் தெருப் பள்ளத்துக்கும். அதன் மேல் டிராக்டர் ஏறி இறங்கும். மிச்ச சில்லு பிள்ளைகள் கையில். பாண்டிக் கட்டம் கோடு போட அதைவிட நல்ல சாமான் கிடையாது, சிமெண்ட் தரையில் வெள்ளையாக எழுதும். வசதி வந்தவர் வீட்டைப் புதுப்பிக்கும்போது அவர் கூரையில் இருந்த சரக்கு, அவரைவிட இல்லாதவர் வீட்டுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் அது இன்னும் கொஞ்சம் நொறுங்கியிருக்கிறது.

புயல் வந்தால் இந்தப் பயணம் ஒரே ராத்திரியில் நடந்துவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியபோதும் இந்த மாவட்டம் பட்ட பாடு மறந்திருக்காது. காற்றில் பறந்து விழுந்த ஷீட்டை அள்ளியவர்கள் வெறும் கையால்தான் அள்ளினார்கள். நிவாரணப் பொருள் பட்டியலில் அரிசி இருக்கும், வேட்டி சேலை இருக்கும். முகக்கவசமும் கையுறையும் அதில் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்?

நோய் உடனே வந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருக்காது. இழையைச் சுவாசித்து இருபது, முப்பது, சில பேருக்கு நாற்பது வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்கும். அதற்குள் மேஸ்திரிக்கு அறுபது தாண்டியிருக்கும். பீடி குடிப்பதால் வந்த இருமல் என்பார்கள், காசநோய் மருந்து ஒரு சுற்று ஓடும், வயசாச்சு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பீடியும் கல்நாரும் சேர்ந்தால் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு என்பது வேறு. திருவக்கரை, பெருமுக்கல் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் தூசி தின்றவர்கள் வாழும் மாவட்டம் இது; நெஞ்சு நோய்க்கு வருகிறவரிடம் ‘என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டு எழுத வேண்டிய தேவை மற்ற ஊரைவிட இங்கே அதிகம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அந்த ஒரு கேள்வி புறநோயாளிச் சீட்டிலேயே அச்சாகி இருக்கட்டும். எண்ணிக்கை இல்லாத நோய்க்குத் திட்டம் வராது.

சட்டம் என்ன சொல்கிறது? புதிய கல்நார்ச் சுரங்கங்களுக்குக் குத்தகை தருவதை இந்தியா 1986-லேயே நிறுத்தியது. தோண்டுவது ஆபத்து என்று தெரிந்தது. இறக்குமதி செய்வது ஆபத்து என்று தெரியவில்லை போலும். ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில், ஜிம்பாப்வே என்று ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் வருகிறது. உலகில் இதை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு நாம்தான். பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-இல் தன் நாட்டில் கல்நாருக்குத் தடை போட்டது; ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. நமக்குக் கல்நாரை மூட்டை மூட்டையாக அனுப்பிய நாடு கனடா. சுரங்கம் மூடப்பட்டு, 2018-இல் நாடு முழுக்கத் தடையும் வந்தது; 2020-இல் அந்த ஊர் தன் பெயரையே வால்-தே-சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

1995 ஜனவரி 27 அன்று நம் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கல்நார் ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவருடைய மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து நாற்பது ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் பதினைந்து ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அருமையான தீர்ப்பு. ஆனால் அது ஆலை வாசலோடு நிற்கிறது. இன்று தளவானூரிலும் நாளை வல்லத்திலும் ஷீட் இறக்குகிற ஆளுக்கு நாற்பது வருடப் பதிவு எங்கே? நேற்று எந்த வீட்டில் வேலை செய்தார் என்பதற்கே பதிவு கிடையாது. முழுத் தடை கேட்டுப் போன வழக்கை 2011-இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. கழிவாகத் தூக்கிப் போடும் கல்நார், 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் அட்டவணையில் இருக்கிறது. அந்த விதியின் கண்ணும் ஆலையின் மேல்தான். நம் வீட்டு வாசலில் அடுக்கி வைத்த முப்பது ஷீட்டை அது பார்ப்பதில்லை.

பார்க்கிற நாடு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்லலாம். 2003 டிசம்பர் 31 முதல் அங்கே எல்லா வகைக் கல்நாருக்கும் தடை. ஆனால் 1980-களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் அது ஏராளமாக உண்டு. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் முதலில் செத்தார்கள், பிறகு தச்சரும் கட்டடத் தொழிலாளிகளும்; இப்போது பழைய வீட்டை வாங்கி ஞாயிற்றுக்கிழமையில் தாங்களே இடித்துக் கட்டுகிற சாதாரணக் குடும்பங்களைப் பற்றித்தான் அங்கே கவலை. கான்பெராவில் அறுபது, எழுபதுகளில் கூரைக்குள் உதிரிக் கல்நாரை ஊதி நிரப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசே விலை கொடுத்து வாங்கி இடித்தது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் வீட்டுக்காரர் தன் கையால் பத்து சதுர மீட்டர் வரை ஷீட்டை இறக்கலாம். அதற்கு மேல் என்றால் உரிமம் பெற்ற ஆள் வர வேண்டும். சிட்னிப் புறநகர்களான டூங்காபியிலும் வென்ட்வொர்த்வில்லிலும் பழைய வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இந்த விதி அத்துபடி. பத்து சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் பத்தடி ஷீட் மூன்று. இந்தப் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகைக்கே அதைவிட அதிகம் ஷீட் ஆகும்.

தடை போட முயன்ற ஏழை நாட்டுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2018-இல் தொடங்கிக் கல்நார்க் கூரையைப் படிப்படியாக ஒழிப்பதாகக் கொழும்பு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததாகச் சொல்லித் தேயிலைக்குத் தடை போட்டது. சில நாட்களில் கல்நார்த் தடையை இலங்கை ஒத்திப்போட்டது, வண்டும் பறந்துபோனது. தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியா எந்த வண்டுக்கும் பயப்படத் தேவையில்லாத பெரிய சந்தை. இருந்தும், கல்நாரை ராட்டர்டாம் உடன்படிக்கையின் அபாயப் பட்டியலில் சேர்க்க 2011-இல் சம்மதித்த நாம், 2013-இல் பின்வாங்கினோம்.

ஆலைக்காரர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். ‘எங்கள் ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார் மட்டும், அதுவும் சிமெண்டில் கட்டுண்டு கிடக்கிறது, ஆலையில் தூசி வெளியேறாமல் உறிஞ்சும் கருவி இருக்கிறது, ஏழைக்கு இதைவிட மலிவான கூரை இல்லை’ என்கிறார்கள். ஆலைக்குள் கட்டுப்பாடு சாத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். ஷீட் ஆலைக்குள் இருப்பது சில நாள், கூரையில் இருப்பது முப்பது வருடம். அதை அறுப்பது, துளைப்பது, உடைப்பது எல்லாம் உறிஞ்சும் கருவி இல்லாத தெருவில். மலிவு என்பதும் வாங்குகிற அன்றைய விலைதான். இறக்கும் செலவையும் வைத்தியச் செலவையும் பில்லில் எழுதுவதில்லை. கல்நார் இல்லாத நார்சிமெண்ட் ஷீட்டை அதே கம்பெனிகளில் சில தயாரித்து விற்கவும் செய்கின்றன. முடியாது என்ற பேச்சுக்கு அத்தோடு அர்த்தம் போய்விட்டது.

தமிழ்நாட்டு அரசு ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில், வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். ஓலையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ கூரையாகப் போடக் கூடாது என்பது நிபந்தனை. 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்பது இலக்கு. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் இரண்டரை லட்சத்தை ரூ.2,000 கோடியில் பழுதுபார்க்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. தொகுப்பு வீட்டுக்காரர்கள் பலர் முன்னால் ஒரு சாய்ப்பு, பின்னால் ஒரு சாய்ப்பு என்று ஷீட் போட்டிருக்கிறார்கள். வீட்டைப் பழுதுபார்க்கும்போது முதலில் பிரிவது அதுதான். புதுக் கூரைக்குக் கல்நார் வேண்டாம் என்று அரசு எழுத்தில் சொல்லிவிட்டது. இறங்குகிற பழைய கல்நாரை என்ன செய்வது என்று பயனாளிக்குச் சொல்ல ஊரில் ஆளில்லை. ஒன்றிய ஓவர்சியர் வந்து அஸ்திவாரம் அளப்பார், லிண்டல் மட்டம் பார்ப்பார், தளம் போட்டதும் போட்டோ எடுப்பார். வாசலில் கிடக்கிற பழைய ஷீட் குவியல் அவருடைய அளவுப் புத்தகத்தில் வராது.

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இனி சுற்றுலாப் பயணிகள் கூடுவார்கள், கடைகளும் விடுதிகளும் ஓட்டல்களும் புதுப்பிக்கப்படும். செஞ்சியைச் சுற்றி இறங்கப்போகும் பழைய ஷீட் கொஞ்சநஞ்சமாக இருக்காது.

எத்தனை என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தகரம், உலோகத் தகடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள். இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 16 விழுக்காடு அந்தக் கட்டத்துக்குள் வருகிறது. அதில் தகரம் எவ்வளவு, கல்நார் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஊராட்சிச் செயலரும் கிராம நிர்வாக அலுவலரும் நினைத்தால் ஓர் ஊரின் ஷீட் கூரைகளை ஒரு வாரத்தில் எண்ணிவிடலாம்.

இந்த வருடம் வீட்டில் கைவைக்கப் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. அவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய சிமெண்ட் ஷீட் என்றால், கல்நார் இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தால் ஒழிய, இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழாய், ஏசி பைப் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய், பழைய தண்ணீர்த் தொட்டி, அடுப்படிப் புகைபோக்கிக்கும் இதே கணக்கு. நல்லபடியாக இருக்கிற ஷீட்டைச் சும்மா தொடாதீர்கள். வெயிலுக்கு வெள்ளை அடிப்பதானால் பாசியைக் காய்ந்தபடி சுரண்டாமல், நனைத்து மெதுவாகத் துடைத்துவிட்டு அடியுங்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பிள்ளைகளையும் மாட்டையும் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைக்கச் சொல்லுங்கள். நனைந்த கூரை வழுக்கும். மேலே ஏறாமல் சாரத்தில் நின்றே வேலை நடக்கட்டும். போல்ட்டை ஆக்ஸா பிளேடால் அறுக்கலாம், ஷீட்டை உடைக்கக் கூடாது. கட்டிங் மெஷின் கிட்டவே வரக் கூடாது. துண்டும் கொரோனா காலத்து நீல நிற மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது; முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 ஓரளவு தடுக்கும், அதைவிட உயர்ந்தது கிடைத்தால் நல்லது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும், விளக்குமாறு போடக் கூடாது. வேலை பார்த்தவர்கள் அங்கேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். இறக்கிய ஷீட்டைத் தடித்த பாலிதீனில் சுற்றிக் காலடி படாத இடத்தில் அடுக்குங்கள். இதற்கெல்லாம் ஆகிற கூடுதல் செலவை மேஸ்திரி கூலியில் கழிக்காமல் வீட்டுக்காரர் தர வேண்டும். பழைய ஷீட்டை இனாமாகக் கேட்டு வருகிறவருக்குக் கொடுப்பது தர்மமாகத் தோன்றும். கொடுக்காதீர்கள்.

அதன் பிறகு அந்தப் பொட்டலம் எங்கே போவது? அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஷீட் முப்பதை ஏற்றிக்கொண்டு செஞ்சியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு லாரி பிடி என்று விவசாயக் குடும்பத்திடம் சொல்வது நடக்கிற காரியமா? அது அரசு செய்ய வேண்டிய வேலை. வட்டத்துக்கு ஒரு சேகரிப்பு இடம், மாதம் ஒருமுறை வண்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வை, 1994 முதல் இயங்கிவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் மூலம் ஷீட் இறக்குவோருக்குப் பயிற்சியும் முகக்கவசமும். பெரிய தொகை எதுவும் இதற்குத் தேவையில்லை. பழுதுபார்ப்புத் திட்டத்தின் ரூ.2,000 கோடியில் இது ஒரு சிறு துளியாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் அரசு போடும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ‘பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் இறக்கி ஒப்படைத்தல்’ என்று ஓர் இனமும் அதற்கு ஒரு தொகையும் இருக்க வேண்டும். ஒப்படைத்த ரசீது வந்தபிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஊரக வளர்ச்சித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். செஞ்சி வட்டாரத்து ஊராட்சிகள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.